போர்ட்லண்ட் நிர்வாண சைக்கிள் பயணம்: கூட்டம் பெருகியபோது என்ன ஆனது?

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் இருக்கிறது போர்ட்லண்ட். அங்கே கோடைக்காலத்தில் ஓர் இரவு, ஆயிரக்கணக்கானோர் உடம்பில் துணியே இல்லாமலோ, கொஞ்சம் மட்டும் உடுத்திக்கொண்டோ சைக்கிளில் நகரைச் சுற்றி வருகிறார்கள். எண்ணெயை நம்பி வாழும் வாழ்க்கைக்கும், காருக்கென்றே வடிவமைத்த தெருக்களுக்கும் எதிரான போராட்டம் இது. உலகின் பல நகரங்களில் இதே பயணம் நடந்தாலும், ஆள்பலத்தில் போர்ட்லண்ட்தான் பல வருடங்களாக முன்னால் நிற்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள். நடத்துகிறவர்களைக் கேட்டால் தெருமுக்குகளைப் பற்றிப் பேசுவார்கள். குறுக்கே வரும் கார்களை நிறுத்த எந்த முக்கில் யார் நிற்பது, எத்தனை நேரம் நிற்பது, அவருக்கு மாற்று யார் என்பதுதான் அவர்கள் தலைவலி. இருபது வருடம் வளர்ந்த இந்தப் பயணம் 2024இல் ஒரு வருட ஓய்வு எடுத்துக்கொள்ள நேர்ந்ததற்குக் காரணம் சட்டமோ எதிர்ப்போ இல்லை. தாங்கிப் பிடிக்கும் கைகள் களைத்துப்போனதுதான். இந்த ஆய்வு அந்தக் கைகளைப் பற்றியது.

தொடக்கம்

ஸ்பெயினின் சரகோசாவில் 2001இலேயே சைக்கிள் அமைப்புகள் நிர்வாண ஊர்வலம் நடத்தின. போக்குவரத்தின் முன்னால் நாங்கள் நிர்வாணமாகத்தான் நிற்கிறோம் என்பது அவர்கள் சொன்ன செய்தி. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புப் பெட்டி பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது, சைக்கிளில் இருப்பவருக்குச் சட்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அன்றாடம் இருக்கும் ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதுதான் நிர்வாணத்தின் வேலை. நான் பார்த்த போராட்ட வடிவங்களில் சொல்ல வந்ததும் சொல்லும் முறையும் இவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டவை குறைவு.

கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கான்ராட் ஷ்மிட் இதை உலக அளவில் ஒரே நாளில் நடத்தலாம் என்று முன்னெடுத்தார். 2004 ஜூன் 12 அன்று பத்து நாடுகளில் 28 நகரங்களில் முதல் பயணம் நடந்தது. வட கோளத்தில் ஜூன், தென் கோளத்தில் மார்ச் என்று பிறகு வழக்கமானது. உனக்கு எவ்வளவு துணிச்சலோ அவ்வளவு கழற்று என்பதே உடை விதி. முழுக்கக் கழற்ற வேண்டும் என்று யாரையும் வற்புறுத்துவதில்லை. உள்ளாடையோடு வரலாம், உடம்பு முழுக்கப் பெயின்ட் பூசிக்கொண்டு வரலாம், முழு உடையோடும் வரலாம். இந்தத் தளர்வு இல்லையென்றால் முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

போர்ட்லண்டும் அந்த முதல் வருடமே சேர்ந்துகொண்டது. அங்கே பெடல்பலூசா என்ற சைக்கிள் திருவிழா அதே 2004இல்தான் பிறந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு சைக்கிள் பயணத்தை அறிவிக்கலாம், நாட்காட்டியில் போடலாம், யார் வேண்டுமானாலும் வந்து சேரலாம், காசு கிடையாது என்பது அதன் நடைமுறை. ஷிஃப்ட் என்ற தன்னார்வக் குழு அதைப் பார்த்துக்கொண்டது. நிர்வாணப் பயணம் அந்த நாட்காட்டியில் ஒரு வரியாகத் தொடங்கி, சில வருடங்களில் திருவிழாவையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்தது. நூறு பேர் சேர்ந்தாலே பெரிது என்று ஆரம்பித்தது, 2010களில் பத்தாயிரம் பேர் என்ற அளவில் பேசப்பட்டது.

சட்டம்

நடத்த நினைக்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பதில் ஊருக்கு ஊர் மாறும், அதனால் போர்ட்லண்டின் பதிலை அப்படியே எடுத்து இன்னொரு ஊரில் ஒட்ட முடியாது.

ஆரெகன் மாநிலச் சட்டப்படி, பாலியல் கிளர்ச்சியைத் தூண்டும் நோக்கத்தோடு உறுப்பைக் காட்டினால்தான் பொது இட ஆபாசக் குற்றம். வெறுமனே நிர்வாணமாக இருப்பது அதில் வராது. போர்ட்லண்ட் நகர விதி இதைவிடக் கடுமையானது: எதிர்பாலினத்தவர் வரக்கூடிய பொது இடத்தில் பிறப்புறுப்பு தெரிய இருந்தாலே குற்றம். ஆக, நகர விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இந்தப் பயணம் நடக்கவே முடியாது. அதைத் தாங்குவது மாநில அரசியல் சாசனத்தின் கருத்துரிமைப் பிரிவு. ஆரெகனில் அந்தப் பிரிவுக்கு நீதிமன்றங்கள் மிக விரிவான பொருள் கொடுத்திருக்கின்றன.

2008 ஜூனில் நிர்வாணமாகச் சைக்கிள் ஓட்டியதற்காக ஒருவர் கைதானார். அதே வருடம் நவம்பரில் அந்த வட்டார நீதிபதி வழக்கைத் தள்ளினார். நிர்வாண சைக்கிள் ஓட்டம் இந்த நகரத்தில் நிலைபெற்றுவிட்ட ஒரு மரபு, அது குறியீட்டுப் போராட்டம் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். இதை நடத்துகிறவர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வருடம் தவறாமல் நடத்தியதே சட்டப் பாதுகாப்பாக மாறியிருக்கிறது. அதோடு, போராட்டம் என்ற அடையாளம் கழன்று போய் வெறும் கேளிக்கை என்று ஆகிவிட்டால், அந்தப் பாதுகாப்பின் அடித்தளமே ஆட்டம் காணும். 2012இல் போர்ட்லண்ட் விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனையைக் கண்டித்து உடைகளைக் களைந்த ஒரு பயணியும் நகர விதியின்கீழ் வழக்கைச் சந்தித்து, அது போராட்டம்தான் என்ற காரணத்தால் விடுதலையானார்.

லண்டன் நிலைமை வேறு. இங்கிலாந்தில் 2003ஆம் வருட பாலியல் குற்றச் சட்டப்படி, பிறர் பார்த்துப் பதற வேண்டும் அல்லது வேதனைப்பட வேண்டும் என்ற நோக்கம் நிரூபணமானால்தான் குற்றம். ஊர்வலத்துக்கு ஆறு முழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1986ஆம் வருட பொது ஒழுங்குச் சட்டம் சொல்கிறது, ஆனால் வழக்கமாக நடந்துவரும் ஊர்வலத்துக்கு விலக்கு உண்டு. மாதந்தோறும் லண்டனில் நடக்கும் கிரிட்டிக்கல் மாஸ் சைக்கிள் ஓட்டத்தை முன்வைத்து 2008 நவம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பு இந்த விலக்கை உறுதி செய்தது. ஒவ்வொரு மாதமும் பாதை மாறினாலும் அது வழக்கமான ஊர்வலமே என்றார்கள். அங்கேயும் விடாமல் நடத்தி வந்ததுதான் கைகொடுத்தது.

சான் ஃபிரான்சிஸ்கோ எதிர்த் திசையில் போனது. பொது இட நிர்வாணத்துக்குத் தடை போடும் விதியை நகரசபை 2012 இறுதியில் 6–5 என்ற வாக்கில் நிறைவேற்றியது, 2013 பிப்ரவரியிலிருந்து அமல். அனுமதி பெற்ற அணிவகுப்புகளுக்கும் விழாக்களுக்கும் மட்டும் விலக்கு. ஆக, அனுமதிச் சீட்டு இல்லாமல் தானாகத் திரளும் பயணம் அங்கே சிக்கலில் மாட்டும்.

தெருமுக்கில்

சரி, பத்தாயிரம் பேர் என்றால் தெருவில் எப்படி இருக்கும்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வரிசைக்கு ஐந்து பேர், வரிசைகளுக்கிடையே ஐந்து மீட்டர் இடைவெளி, வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 200 பேர் ஒரு புள்ளியைக் கடப்பார்கள். எல்லோரும் கடக்க 50 நிமிடம். ஊர்வலத்தின் நீளம் 10 கிலோமீட்டர். போர்ட்லண்டில் பாதையின் மொத்த நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். தலை முடிவிடத்தைத் தொடும்போது வால் இன்னும் புறப்படும் பூங்காவிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும். இது சீராகப் போனால் உள்ள கணக்கு. ஒரு பஞ்சர், ஒரு வளைவு, ஒரு மேடு வந்தால் வரிசை இழுபட்டு நேரம் இன்னும் கூடும்.

அடுத்து முக்குகளின் எண்ணிக்கை. போர்ட்லண்ட் நகர மையத்தில் நாலு தெருக்களுக்கிடையே அமையும் கட்டங்கள் அமெரிக்காவின் மிகச் சிறியவற்றில் சேரும், பக்கத்துக்கு 200 அடி. தெரு அகலத்தையும் சேர்த்தால் சுமார் 80 மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு. ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு முக்குகள். மையத்தில் பெரும்பாலும் ஒருவழித் தெருக்கள் என்பதால் பல இடங்களில் ஒரு பக்கம் அடைத்தால் போதும், இருவழித் தெரு வரும் பகுதிகளில் இரு பக்கமும் ஆள் வேண்டும். பெரிய சாலைகளைப் போலீஸ் பார்த்துக்கொண்டாலும் சின்னத் தெருக்கள் எல்லாம் தன்னார்வலர் தலையில்தான்.

அந்தத் தன்னார்வலரின் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். குறுக்குத் தெருவில் முதல் காருக்கு முன்னால், ஊர்வலத்துக்கு முதுகு காட்டி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு அவர் நிற்கிறார். கார்க்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் கார்க்காரர் சிரிப்பார், படம் எடுப்பார். பத்தாவது நிமிடத்தில் என்ஜினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் என்று கேட்பார். இருபதாவது நிமிடத்தில் ஹாரன். பின்னால் நிற்கும் நாலாவது கார் திரும்பிப் போக இடமில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் "இன்னும் அரை மணி ஆகும், அந்தப் பக்கமாகத் திருப்பிப் போங்க, நான் பின்னால இருக்கிற வண்டிகளை நகர்த்தித் தர்றேன்" என்று பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவர் நிற்க வேண்டும். கோபக்காரர் நின்றால் அந்த ஒரு முக்கில் நடக்கும் சண்டைதான் மறுநாள் செய்தி.

ஆம்புலன்ஸ் வந்தால் அதே ஆள் இரண்டு கைகளையும் தூக்கி ஊர்வலத்தையே நிறுத்த வேண்டும். பின்னால் வரும் ஐந்து பேருக்குப் பிரேக் போட நேரம் வேண்டும், அவர்கள் பின்னால் வரும் ஐம்பது பேருக்கும் வேண்டும். கத்தினால் இசையில் கேட்காது, அதனால் கை சைகை என்ன என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வைத்தால்தான் நடக்கும். இப்படி வெட்டி நிறுத்திய இடத்தில் ஊர்வலம் இரண்டாகப் பிரியும். பின்பகுதிக்கு வழி தெரியாது, ஏனென்றால் போர்ட்லண்டில் பாதையை முன்கூட்டி வெளியிடுவதில்லை. கிளம்பும் இடம் மட்டும்தான் தெரியும். கூட்டம் கூட்டமாக நாற்காலி போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவதைக் குறைக்க இந்த ரகசியம் தேவைப்பட்டது. ஆனால் அதற்கு விலையாக, ஊர்வலத்தின் நடுவில் ஆங்காங்கே வழி தெரிந்த ஆட்களைக் கலந்துவிட வேண்டியிருக்கிறது. அதற்கும் தன்னார்வலர்தான்.

பாதை போடுவதிலும் இந்த நகரத்துக்கே உரிய இடர்கள் உண்டு. டிராம், இலகு ரயில் தண்டவாளங்களின் பள்ளத்தில் சைக்கிள் டயர் சிக்கினால் விழாமல் தப்புவது கஷ்டம், அதனால் தண்டவாளத்தைக் கடப்பதென்றால் நேர் குறுக்காகத்தான் கடக்க வேண்டும், அதோடு ரயிலை ஐம்பது நிமிடம் நிறுத்தி வைக்க முடியாது. வில்லாமெட் ஆறு நகரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பாலங்கள் சில கப்பலுக்காகத் தூக்கக்கூடியவை. ஹாதர்ன் பாலத்தின் நடுப்பகுதியில் வாகனத் தடம் இரும்புக் கம்பி வலை. சட்டை போட்டவர் அதில் விழுந்தாலே தோல் உரியும். பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் விலக வழியும் கிடையாது. ஆற்றைக் கடக்காத பாதையே நல்லது என்பது என் கணிப்பு.

லண்டன் கூட்டப் பிரச்சினையை வேறு விதமாகச் சமாளித்தது. 2004இல் ஐம்பத்துச் சொச்சம் பேரோடு ஹைட் பார்க்கில் தொடங்கிய பயணம் ஆயிரத்தைத் தாண்டியதும், நகரின் பல மூலைகளிலிருந்து தனித்தனியாகக் கிளம்பி நடுவில் ஒன்றுசேரும்படி மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குழு. ஒரு முக்கில் நிற்கும் நேரம் குறைகிறது, பழகிய முகங்கள் ஒரே கிளையில் இருக்கின்றன, ஒரு கிளை தாமதமானாலும் மற்றவை ஓடுகின்றன. எல்லோரும் ஒரே பூங்காவில் திரளும்போது கிடைக்கும் உற்சாகம் இதில் கொஞ்சம் குறையும்தான். ஆனாலும் நான் நடத்துகிறவனாக இருந்தால் லண்டன் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

உடம்பும் சைக்கிளும்

இதில் சொல்ல நிறைய இல்லை. சீட்டின் மேல் ஒரு துணி, காலில் செருப்பல்ல ஷூ, தலையில் ஹெல்மெட். போர்ட்லண்ட் பயணம் இருட்டிய பிறகு போவதால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, இது மாநிலப் போக்குவரத்து விதியும்கூட. கழற்றிய துணியை வைக்க ஒரு பை கட்டாயம். கிளம்பிய இடமும் முடியும் இடமும் வேறு, திரும்பிப் போகும் வழியில் கூட்டத்தின் பாதுகாப்பு இருக்காது. தனியாக நிர்வாணமாக வீடு திரும்புவதுதான் எல்லா ஊரிலும் சட்டமும் பத்திரமும் பலவீனமாகிற கட்டம். முடிவிடத்தில் வெளிச்சம் வேண்டும், உடுத்திக்கொள்ள இடம் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியே வைக்க வேண்டும். பகலில் நடத்தும் ஊர்களில் சன்ஸ்கிரீன் சேர்த்துக்கொள்ளலாம்.

உடம்பில் எழுதுவது மட்டும் தனிக் கவனத்துக்கு உரியது. இப்போது நான் கண்ணில் படுகிறேனா என்று முதுகில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பல நகரங்களில் உண்டு. கவனிக்காமல் இடித்துவிட்டு, பார்க்கவில்லை என்று காரோட்டிகள் சொல்லும் வழக்கமான சாக்குக்கு நேர் பதில் அது. இப்படிப்பட்ட வாசகங்கள் குறையக் குறைய, நடைபாதையில் நிற்பவருக்கு இது எதற்கான போராட்டம் என்று தெரியாமலே போய்விடும். கிளம்பும் பூங்காவில் பிரஷ்ஷும் பெயின்ட்டும் வைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து எழுதிவிடுவது, அந்த இரவின் மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று.

கேமரா

கைபேசி வந்த பிறகு இந்தப் பயணத்தின் தன்மையே மாறிவிட்டது. தெருவில் தெரிய நிற்கிறவரைப் படம் எடுப்பதை அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆகவே நடத்துகிறவர்கள் கையில் இருப்பது நடத்தை விதி மட்டும்தான்: கேட்டுவிட்டு எடு, தொடாதே, உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லாதே. துணி இல்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே என்பதை பல ஊர்க் குழுக்கள் ஏதோ ஒரு வடிவில் சொல்கின்றன. சொன்னால் மட்டும் போதாது. கிளம்பும் இடத்தில், ஆட்கள் உடை மாற்றும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் தொல்லை கொடுப்பவர்கள் நெருங்குகிறார்கள். அங்கே சுற்றிவரும் ஆட்கள், அடையாளத்துக்கு ஒரு கைப்பட்டையோடு, புகார் சொன்ன உடனே வரும் தூரத்தில் இருக்க வேண்டும். பெண்கள் அடுத்த வருடமும் வருவார்களா என்பது இதைப் பொறுத்தது.

வயது விஷயமும் இங்கேதான் வருகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் 2023இல் ஒரு சிறுமி பயணத்தில் கலந்துகொண்டது பெரிய சர்ச்சையாகி, மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா வரை போனது. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு இதில் இடமில்லை என்று அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பிள்ளைகளின் நலன் ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

வளர்ச்சி தந்ததும் எடுத்துக்கொண்டதும்

2013இல் போர்ட்லண்ட் கலை அருங்காட்சியகம் சைக்கிள் வடிவமைப்புக் கண்காட்சி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. அந்த வருடப் பயணம் அங்கிருந்து கிளம்பியது. உடம்பில் எத்தனை துணி இருக்கிறதோ அத்தனை டாலர் நுழைவுக் கட்டணம் என்று அருங்காட்சியகம் அறிவித்தது. ஒன்றும் போடாதவருக்கு இலவசம். நகரத்தின் மதிப்பு மிக்க நிறுவனம் ஒன்று கதவைத் திறந்து வரவேற்கிறது என்றால் அது சாதாரணமில்லை. ஆனால் யாரும் எதிர்க்காத ஒன்றை எல்லோரும் போராட்டமாக எடுத்துக்கொள்வதும் கஷ்டம். எண்ணெய்க்கு எதிராகவா, சைக்கிள் பாதுகாப்புக்காகவா, உடம்பைப் பற்றிய கூச்சத்தை உதறவா, சும்மா ஒரு ஜாலிக்காகவா என்று வந்தவர்களைக் கேட்டால் நாலு விதமாகப் பதில் வரும். இவற்றில் உடம்புக் கூச்சத்தை உதறுவது உண்மையிலேயே பலருக்கு விடுதலையாக இருந்திருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எண்ணிக்கை நூறு மடங்கு பெருகியபோது, முக்கில் நிற்க வருகிறவர்கள் அப்படிப் பெருகவில்லை. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, உறுப்பினர் இல்லை. வந்தவர்கள் ஒரு ராத்திரி ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மாதக்கணக்கில் போலீஸோடு பேசுவது, பூங்கா தேடுவது, பாதையை ஓட்டிப் பார்ப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் அதே சின்னக் கூட்டத்தின் மேல் வருடா வருடம் விழுகிறது. கொரோனா 2020இல் திரளாகக் கூடுவதை நிறுத்தியபோது, கைமாற்றிக் கைமாற்றி வந்த அனுபவத்தில் ஓர் இடைவெளியும் விழுந்தது. 2024இல் ஓய்வு அறிவித்தபோது ஊரில் பலருக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அது அவ்வளவு வருடம் தாக்குப்பிடித்ததுதான்.

2025 அக்டோபர் 12 அன்று, போர்ட்லண்டுக்குத் தேசியக் காவல் படையை அனுப்பும் டிரம்ப் அரசின் முயற்சியைக் கண்டித்து, அவசரப் பயணம் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. இலையுதிர்காலம், மழை, குளிர். வழக்கமான கோடை இரவுக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான் வந்தது. நனைந்துகொண்டே குடியேற்றத் துறையின் கட்டடம் இருக்கும் பகுதிக்குப் போனார்கள். ஏன் ஓட்டுகிறோம் என்பதில் வந்தவர்கள் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. வெற்று உடம்போடு சைக்கிளில் வந்து, ஆயுதம் தரித்த படைக்குரிய ஆபத்து இந்த நகரத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

சில நூறு பேரை ஒரே வாரத்தில் திரட்டலாம், பத்தாயிரம் பேரைத் திரட்ட மாதங்கள் ஆகும். வருடாந்திரப் பயணத்தை நடத்தும் குழுக்கள், எங்கள் முக்குகளை எத்தனை பேரால் எத்தனை நிமிடம் பிடிக்க முடியும் என்ற கணக்கை முதலில் போட்டு, அதற்கேற்ற அளவில் கிளைகளையும் பாதையையும் வகுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. ஒவ்வொரு முக்குக்கும் பழைய ஆள் ஒருவர், புதிய ஆள் ஒருவர் என்று இருவராக நிறுத்தினால், அடுத்த வருடம் அந்தப் புதியவர் வேறொரு முக்கில் பழைய ஆளாக நிற்பார். பாதையில் ஓட்ட வருகிறவர்கள், மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது ஓட்டாமல் முக்கில் நிற்க வேண்டும் என்று அழைப்பிலேயே கேட்கலாம். கேட்டால் நிற்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், இதுவரை பெரும்பாலானவர்களிடம் அதை யாரும் நேராகக் கேட்டதில்லை.